ஞாயிற்றுக்கிழமை மது விற்பனைக் கட்டுப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலோ நார்வேயிலோ குடியேறிய நம்மவர்கள் முதல் சில வாரங்களிலேயே வியப்போடு கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று: வாரம் முழுவதும் விற்கும் மதுவை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் விற்கக் கூடாது? "கிறிஸ்தவ நாடுகள், அதனால்தான்" என்பது வழக்கமாகக் கிடைக்கும் விடை. அது பாதி உண்மைதான். மீதிப் பாதியில் தொழிலாளர்களின் கூலி நாள், குடியேறிகள் மீதான அச்சம், கடைக்காரர்களின் லாபக் கணக்கு, பொதுநலக் கொள்கை எனப் பல சரடுகள் பின்னிக் கிடக்கின்றன.

ஞாயிறு கட்டுப்பாடு என்றால் மது முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது என்று பொருளா?

பெரும்பாலும் இல்லை. கட்டுப்பாடு எதன்மீது என்பது ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் விஸ்கி, ரம், வோட்கா விற்கும் மதுக்கடைகள் ஞாயிறு முழுவதும் மூடியிருக்க வேண்டும். ஆனால் அதே ஞாயிறன்று பல்பொருள் அங்காடியில் காலை 10 மணியிலிருந்து பீரும் ஒயினும் வாங்கலாம், மதுக்கூடத்தில் அமர்ந்து விஸ்கியே குடிக்கலாம். நார்வேயில் அரசுக்குச் சொந்தமான வின்மோனோபோலெட் கடைகள் ஞாயிறு மூடியிருக்கும், மளிகைக் கடைகளும் பீர் விற்கக் கூடாது. உணவகத்தில் தடை இல்லை.

மதுவைக் குறிவைக்காமல், பொதுவான கடையடைப்பின் ஒரு பகுதியாக மதுவும் கிடைக்காமல் போகும் நாடுகளும் உண்டு. ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வு அரசியலமைப்பின் பாதுகாப்பைப் பெற்றது என்பதால் பெரும்பாலான கடைகள் அடைக்கப்படுகின்றன. பாலும் கிடைக்காது, பீரும் கிடைக்காது, ஆனால் பெட்ரோல் நிலையத்தில் இரண்டும் கிடைக்கும். இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டின் ஞாயிறு வணிகச் சட்டப்படி 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்று ஆறு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கலாம். இத்தகைய பொது விதிகளை இங்கே தொடரவில்லை. மதுவை மட்டும் தனியே பிரித்துத் தடுக்கும் சட்டங்களே இந்தப் பக்கத்தின் பொருள்.

இதன் தொடக்கம் மதத்தில்தானே?

ஆம், அதை மறுக்க முடியாது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321இல் ஞாயிறை ஓய்வுநாளாக அறிவித்தார். நகரத்தாருக்கும் நீதிமன்றங்களுக்கும் ஓய்வு, பயிர் காத்திருக்காது என்பதால் உழவர்களுக்கு விலக்கு. மதுவைப் பற்றி அதில் ஏதும் இல்லை. ஞாயிறை மிகக் கடுமையான புனித நாளாக மாற்றியவர்கள் 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய பியூரிட்டன் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர். வேலை, வணிகம், பயணம், விளையாட்டு, கேளிக்கை எல்லாமே அன்று குற்றம். மது அவர்கள் தடுத்த பலவற்றுள் ஒன்றுதான். அவர்கள் மற்ற நாள்களில் தாராளமாகவே பீர் குடித்தவர்கள். அதாவது, அன்றைய சட்டத்தின் நோக்கம் குடியைக் குறைப்பதன்று, ஓய்வுநாளைக் காப்பது.

இந்த வேறுபாடு முக்கியமானது. ஏனென்றால் காலப்போக்கில் துணிக்கடைத் தடை போனது, நாடகத் தடை போனது, பந்து விளையாட்டுத் தடை போனது. மதுத் தடை மட்டும் நின்றது. ஓய்வுநாளின் புனிதம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அது மற்றவற்றோடு சேர்ந்தே போயிருக்க வேண்டும்.

அப்படியென்றால் மதுத் தடையை மட்டும் தாங்கிப் பிடித்தது எது?

19ஆம் நூற்றாண்டின் தொழில் நகரங்களைப் பார்த்தால் விடை தெரியும். ஆலைத் தொழிலாளி வாரத்தில் ஆறு நாள் உழைத்தார். சனிக்கிழமை கூலி கைக்கு வந்தது. அவருக்குச் சொந்தமான ஒரே பகல் ஞாயிறு. ஆகவே மதுக்கூடங்களுக்கு அதிக வியாபாரம் நடந்த நாளும் அதுவே. வாரக் கூலி வீடு போய்ச் சேருவதற்குள் கரைந்துவிடுகிறது என்று பெண்களும் மதுவிலக்கு இயக்கத்தாரும் சொன்ன குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. ஆனால் அதே குரலில் இன்னொன்றும் கலந்திருந்தது: ஞாயிறு மாலை குடும்பத்தோடு பீர்த் தோட்டத்தில் அமர்ந்து பாட்டுக் கேட்டுக் குடிக்கும் ஜெர்மானியர், ஐரிஷ் கத்தோலிக்கர் போன்ற குடியேறிகள் மீதான வெறுப்பு.

சிகாகோவில் 1855இல் அது வெளிப்படையாகவே வெடித்தது. குடியேறிகளுக்கு எதிரான கட்சியின் சார்பில் மேயரான லீவை பூன், பயன்படாமல் கிடந்த ஞாயிறு தடைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்; கூடவே மதுக்கூட உரிமக் கட்டணத்தை ஆண்டுக்கு 50 டாலரிலிருந்து 300 டாலராக உயர்த்தினார். ஜெர்மானிய மதுக்கூடக்காரர்கள் கைது செய்யப்பட்டனர். ஏப்ரல் 21 அன்று அவர்களின் ஆதரவாளர்கள் நகர மன்றத்தை நோக்கித் திரண்டபோது காவல்துறையுடன் மோதல் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போனது. அடுத்த சில வாரங்களில் இல்லினாய் மாநிலம் முழுவதும் மதுவிலக்கு கொண்டுவர நடந்த வாக்கெடுப்பு தோற்றதில் இந்த மோதலுக்கும் பங்கு உண்டு.

நியூயார்க்கின் கதை இன்னும் சுவையானது. 1895இல் காவல் ஆணையர் குழுவின் தலைவராக வந்த தியோடர் ரூசவெல்ட் (பிற்காலத்தில் அமெரிக்க அதிபரானவர்) ஞாயிறு தடையை உண்மையிலேயே அமல்படுத்தப் போவதாக அறிவித்தார். அதுவரை அந்தச் சட்டம் காவலர்களுக்கு மாமூல் வசூலிக்கும் கருவியாகவே இருந்தது. பணம் கொடுத்தவர் கடையின் பின்கதவு திறந்திருக்கும். ரூசவெல்டின் வாதம், சட்டம் நல்லதோ கெட்டதோ எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. நேர்மையான வாதம்தான். ஆனால் செல்வந்தர்களின் மனமகிழ் மன்றங்களில் அன்றும் மது ஓடியது, தொழிலாளியின் மதுக்கூடத்துக்கு மட்டும் பூட்டு விழுந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் ஜெர்மானிய வாக்காளர்கள் அவருடைய கட்சியைக் கைவிட்டனர்.

மறு ஆண்டு, 1896இல், ஜான் ரெயின்ஸ் என்ற மாநில மேலவை உறுப்பினரின் பெயரால் அறியப்படும் சட்டம் வந்தது. ஞாயிறன்று ஓட்டல்கள் மட்டும், தங்கியிருக்கும் விருந்தினருக்கு, உணவோடு சேர்த்து மது வழங்கலாம்; ஓட்டல் எனப்பட வேண்டுமானால் குறைந்தது 10 படுக்கையறைகள் வேண்டும். மதுக்கூடக்காரர்கள் என்ன செய்தார்கள்? மாடியிலும் பின்கட்டிலும் பலகைத் தடுப்புகளை வைத்து 10 அறைகளைக் காட்டினார்கள். நூற்றுக்கணக்கான மதுக்கூடங்கள் திடீரென ஓட்டல்கள் ஆயின. உணவு என்ற நிபந்தனைக்கு ஒரே சாண்ட்விச் மேசைக்கு மேசை கொண்டுபோய் வைக்கப்பட்டது. அதை யாரும் தின்னக் கூடாது, தின்னக்கூடிய நிலையிலும் அது இருக்காது. வேடிக்கை இதோடு முடியவில்லை. கட்டிய அறைகள் சும்மா கிடக்காமல் பாலியல் தொழிலுக்கு வாடகைக்குப் போயின. அந்த ஓட்டல்களை ஒழிப்பதற்கென்றே 1905இல் பதினால்வர் குழு என்ற அமைப்பு தோன்றியது. ஒழுக்கத்தைக் காக்க வந்த சட்டம் எதை விளைவித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

பிரிட்டனிலும் இப்படி இருந்ததா?

இருந்தது, ஆனால் அங்கே அது குடியேறிகளுக்கு எதிரான ஆயுதமாக அல்லாமல், சில பகுதிகளில் மக்களே பெருமையோடு ஏற்றுக்கொண்ட அடையாளமாக இருந்தது. ஸ்காட்லாந்தில் 1853ஆம் ஆண்டின் சட்டம் ஞாயிறன்று மதுக்கூடங்களை மூடியது. தொலைவிலிருந்து வரும் மெய்யான பயணிக்கு மட்டும் ஓட்டல்கள் மது வழங்கலாம் என்ற விலக்கு இருந்ததால், தாகம் கொண்டவர்கள் ஞாயிறுதோறும் பக்கத்து ஊருக்குப் பயணி ஆனார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். இந்த நாடகம் 1960களின் தொடக்கம் வரை நடந்தது. மதுக்கூடங்களுக்கு ஞாயிறு உரிமம் கிடைக்க 1976ஆம் ஆண்டின் சட்டம் வர வேண்டியிருந்தது.

வேல்ஸில் 1881ஆம் ஆண்டு நிறைவேறிய ஞாயிறு அடைப்புச் சட்டம் வேறு வகையிலும் குறிப்பிடத்தக்கது: வேல்ஸை இங்கிலாந்திலிருந்து வேறுபட்ட தனிப் பகுதியாகக் கருதி நாடாளுமன்றம் இயற்றிய தொடக்ககாலச் சட்டங்களுள் அது ஒன்று. அரசுத் திருச்சபையிலிருந்து விலகிய வழிபாட்டுக் கூடங்களே வெல்ஷ் மொழியையும் ஊர் வாழ்க்கையையும் தாங்கி நின்றதால், அமைதியான ஞாயிறு என்பது அங்கே மதத்தோடு மொழி உணர்வாகவும் இருந்தது. 1961 முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தந்தப் பகுதி மக்களே வாக்களித்து முடிவு செய்யும் முறை வந்தது. ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் சில பகுதிகள் கதவைத் திறந்தன. வடமேற்கில் வெல்ஷ் மொழி வலுவாக இருந்த டுவைவோர் மாவட்டம் கடைசியாக 1996இல் திறந்தது.

அமெரிக்காவில் ஏன் ஒரு மாநிலத்துக்கும் அடுத்த மாநிலத்துக்கும் இவ்வளவு வேறுபாடு?

1920 முதல் 1933 வரை அந்நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தது. 1933 டிசம்பர் 5 அன்று 21ஆம் அரசியலமைப்புத் திருத்தம் அதை நீக்கியபோது, மதுவை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டது. சில மாநிலங்கள் அரசே விற்கும் முறையை ஏற்றன, சில தனியாருக்கு உரிமம் கொடுத்தன, சில அந்த முடிவைக் கவுன்டிகளுக்கும் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) நகரங்களுக்கும் தள்ளிவிட்டன. மதுவிலக்கு ஆதரவாளர்களை அமைதிப்படுத்த வேண்டியிருந்ததால், பல மாநிலங்கள் ஞாயிறு தடையைச் சமரசமாகப் புதிய சட்டங்களுக்குள் வைத்துக்கொண்டன. எல்லைச் சாலையின் ஒருபக்கம் கடை திறந்தும் மறுபக்கம் மூடியும் கிடக்கும் காட்சிக்கு இதுவே காரணம்.

மதச்சார்பற்ற அரசியலமைப்பு உள்ள நாட்டில் நீதிமன்றம் இதை எப்படி அனுமதித்தது?

1961இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த மெக்கோவன் எதிர் மேரிலாந்து மாநிலம் என்ற வழக்கு இதைத் தீர்மானித்தது. வழக்கு மதுவைப் பற்றியதன்று. மேரிலாந்தில் ஒரு தள்ளுபடி விலைக் கடையின் ஊழியர்கள் ஞாயிறன்று கோப்பு அட்டை, தரை மெழுகு, ஸ்டேப்ளர், பொம்மை நீர்மூழ்கிக் கப்பல் ஆகியவற்றை விற்றதற்காகத் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பின் சாரம்: இச்சட்டங்கள் மதத்திலிருந்து பிறந்தவை என்பது உண்மை, ஆனால் இன்று அவை அனைவருக்கும் பொதுவான ஓய்வு நாளை ஏற்படுத்தும் உலகியல் நோக்கத்துக்குப் பயன்படுகின்றன, அந்த நாள் பெரும்பான்மை மதத்தின் புனித நாளோடு ஒத்துப்போவதால் மட்டும் சட்டம் செல்லாததாகிவிடாது. நீதிபதி டக்ளஸ் மட்டும் மாறுபட்டார். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்ட யூத வணிகர்கள், தாங்கள் வாரத்தில் இரண்டு நாள் வியாபாரத்தை இழக்கிறோம் என்று தொடுத்து, அதே ஆண்டு தீர்ப்பு வந்த பிரான்ஃபெல்ட் வழக்கிலும் சட்டமே வென்றது.

இந்த யூத வணிகர்களின் குறைக்குத் தீர்ப்பில் நிறைவான விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பொது ஓய்வுதான் நோக்கமென்றால், வேறொரு நாளில் ஓய்வெடுப்பவருக்கு விலக்குத் தருவதில் என்ன குறைந்துவிடும்? எப்படியிருப்பினும், சாதாரணப் பொருள்களுக்கே இந்த நிலை என்றால், அரசியலமைப்பே மாநிலங்களிடம் ஒப்படைத்துவிட்ட மதுவின் விஷயத்தில் வழக்காடி வெல்வது அரிது. ஞாயிறு மதுத் தடைகளை நீக்கியவை பெரும்பாலும் சட்டமன்றங்களே.

சில ஊர்களில் பகல் 12 மணி வரை மட்டும் தடை இருப்பது ஏன்?

காலை ஆராதனை முடியும் நேரம் அது. உலகியல் நோக்கம் என்று நீதிமன்றம் சொன்னாலும், சட்டத்தின் பிறப்பு அடையாளம் இந்த நேரக் கணக்கில் அழியாமல் நிற்கிறது. இப்போது அந்த எல்லையை முன்னுக்கு இழுப்பது மதச் சிந்தனை மாற்றமன்று, உணவக வியாபாரம்: ஞாயிறு காலையும் பகலும் கூடும் வேளையில் சாப்பிட வருவோர் ஷாம்பெயின் கேட்கிறார்கள். வட கரோலினா 2017இல் உள்ளூர் அமைப்புகள் விரும்பினால் 10 மணிக்கே மது வழங்கலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. டெக்சஸ் 2021 செப்டம்பரில் அங்காடிகளின் பீர், ஒயின் விற்பனையையும் 12 மணியிலிருந்து 10 மணிக்கு நகர்த்தியது.

மதுக்கடைக்காரர்களே ஞாயிறு விற்பனையை எதிர்க்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்த விஷயத்தில் பலருக்கும் தெரியாத, ஆனால் அண்மைக் காலத்தில் தேவாலயத்தைவிட வலுவாக வேலை செய்த காரணம் இதுதான்.

சிறிய மதுக்கடை நடத்துபவரின் கணக்கு எளியது. எல்லாக் கடைகளும் ஞாயிறு மூடியிருந்தால் வாடிக்கையாளர் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்வார். விற்பனை குறையாது, ஒரு நாள் சம்பளமும் மின்கட்டணமும் மிச்சம், வீட்டாரோடு இருக்க ஒரு நாளும் கிடைக்கும். திறக்கலாம் என்று சட்டம் மாறினால் எதிர்க்கடை திறக்கும், ஆகவே தானும் திறந்தாக வேண்டும். ஆறு நாள் வியாபாரம் ஏழு நாள் செலவில் நடக்கும். தானாக ஒப்பந்தம் செய்துகொண்டு மூடினால் ஒருவர் மீறுவார். சட்டம் மூடச் சொன்னால் யாரும் மீற முடியாது.

மினசோட்டாவில் மாநிலம் உருவான 1858ஆம் ஆண்டு முதல் இருந்த தடை 2017 வரை நீடித்ததில் கடைக்காரர் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. எல்லையோர மக்கள் ஞாயிறன்று ஆற்றைக் கடந்து விஸ்கான்சின் மாநிலத்தின் ஹட்சன் நகரில் வாங்கி வந்தார்கள். வரியும் அங்கேயே போனது. ஆண்டுதோறும் மசோதா வந்தது, ஆண்டுதோறும் தோற்றது. ஆளுநர் மார்க் டேட்டன் 2017 மார்ச்சில் கையெழுத்திட்டு, ஜூலை 2 அன்று முதல் ஞாயிறு விற்பனை நடந்தது. அப்போதும் காலை 11 மணி முதல் மாலை 6 மணி வரை மட்டுமே.

இந்தியானாவில் நடந்த பேரம் இன்னும் வெளிப்படை. அங்கே குளிரூட்டிய பீரை விற்கும் உரிமை மதுக்கடைகளுக்கு மட்டுமே. மளிகைக் கடைகள் குளிரூட்டாத பீரைத்தான் விற்கலாம். ஞாயிறு விற்பனை வந்தால் மக்கள் மளிகை வாங்கும்போதே மதுவையும் வாங்கிவிடுவார்கள் என்று மதுக்கடைக்காரர்கள் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். 2017இன் இறுதியில் இரு தரப்பின் சங்கங்களும் கைகோத்தன: குளிர்ந்த பீர் மதுக்கடைகளிடமே இருக்கும், அதற்கு ஈடாக ஞாயிறு விற்பனையை இரு தரப்பும் ஆதரிக்கும். எதிர்ப்பு நின்றதும் மசோதா விரைந்து நிறைவேறியது. 2018 மார்ச் 4 முதல் ஞாயிறன்று பகல் 12 முதல் இரவு 8 மணி வரை விற்பனை நடக்கிறது. கடவுளின் பெயர் அந்தப் பேச்சுவார்த்தையில் எங்கும் குறுக்கிட்டதாகத் தெரியவில்லை.

ஜார்ஜியா மாநிலத்தில் நிலைமை கலவையானது: அங்கே கிறிஸ்தவ அமைப்புகளின் எதிர்ப்பு உண்மையிலேயே வலுவாக இருந்தது. 2011இல் ஆளுநர் நேதன் டீல் கையெழுத்திட்ட சட்டம், முடிவை ஒவ்வொரு ஊரின் வாக்காளரிடமும் விட்டது. அட்லான்டா உள்ளிட்ட பல ஊர்கள் அந்த நவம்பரிலேயே ஆதரித்து வாக்களித்தன.

நார்டிக் நாடுகள் மதப்பற்று குறைந்தவை ஆயிற்றே, அங்கே ஏன்?

அங்கே கொள்கை வேறு. மது விற்பனையில் தனியார் லாப நோக்கு இருக்கக் கூடாது, கிடைக்கும் நேரமும் இடமும் குறைந்தால் குடியும் குறையும் என்ற நம்பிக்கையில் ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து, ஐஸ்லாந்து ஆகியவை அரசு ஏகபோகக் கடைகளை நடத்துகின்றன. ஸ்வீடனின் சிஸ்டம்போலாகெட் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கே மூடிவிடும், ஞாயிறு திறக்காது. 1980களின் தொடக்கத்திலிருந்து 2000 வரை சனிக்கிழமையும் மூடியே இருந்தது. அரசே குடியைக் கட்டுப்படுத்துவதும் அரசே விற்பதும் நமக்குப் புதிய காட்சியன்று. ஆனால் அங்கே விற்பனை இலக்கும் இல்லை, கடைக்குள் சலுகை விலை விளம்பரமும் இல்லை.

ஒரு நாள் மூடினால் குடி குறைகிறதா? சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார்களா?

பெரும்பாலோர் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், தமிழ்நாட்டில் ஞாயிறு முழு ஊரடங்கு இருந்தபோது சனிக்கிழமைகளில் டாஸ்மாக் கடைகளில் கூடிய கூட்டத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாராலும் முன்கூட்டி வாங்க முடியாது; கையில் அன்றன்றைய காசு மட்டும் உள்ளவர், வீட்டில் இருந்தால் இருக்கும்வரை குடித்துவிடுபவர் ஆகியோருக்கு மூடிய கடை ஒரு தடைதான். அது அவர்களுக்கு நன்மையா, அல்லது கள்ளச் சந்தைக்கு விரட்டுவதா என்பது ஊரைப் பொறுத்தது.

ஆய்வுகள் ஒரே திசையில் பேசவில்லை. நியூ மெக்சிகோ மாநிலம் 1995இல் ஞாயிறு விற்பனையை அனுமதித்த பிறகு அந்நாளில் மது தொடர்பான சாலை விபத்துகள் 29 விழுக்காடு கூடின என்று 2006இல் வெளிவந்த ஆய்வு கூறியது. தடையை ஆதரிப்போர் இன்றும் இதைத்தான் காட்டுகிறார்கள். அதே காலகட்டத்தில் தடையை நீக்கிய பிற மாநிலங்களையும் சேர்த்துப் பார்த்த பின்னாளைய ஆய்வுகளில் அப்படியொரு உயர்வு பொதுவாகத் தென்படவில்லை. ஸ்வீடன் சனிக்கிழமை விற்பனையை மீண்டும் தொடங்கியபோது விற்பனை ஏறத்தாழ 4 விழுக்காடு உயர்ந்தது. அடிதடி வழக்குகளில் தெளிவான மாற்றம் இல்லை. இவற்றையெல்லாம் சீர்தூக்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதார வல்லுநர் குழு, இருக்கும் விற்பனை நாள் கட்டுப்பாடுகளைத் தக்கவைப்பதே நல்லது என்று பரிந்துரைத்துள்ளது. என் கருத்து: நாள் கட்டுப்பாட்டின் விளைவு சிறியது, ஆனால் சுழியம் அன்று; விலை உயர்வோடு ஒப்பிட்டால் அது பலவீனமான கருவி.

ஞாயிறு அல்லாத வேறு நாள்களில் இதே போன்ற கட்டுப்பாடு உண்டா?

உண்டு. எந்த நாள் என்பது அந்தச் சமூகம் எதைப் புனிதமாகவோ ஆபத்தாகவோ கருதுகிறது என்பதைப் பொறுத்தது. இலங்கையில் பௌர்ணமி தோறும் வரும் போயா நாளில் மதுக்கடைகள் அடைக்கப்படுகின்றன. 1966 முதல் 1971 வரை அந்நாட்டில் ஞாயிறு விடுமுறையே நீக்கப்பட்டு, சந்திரனின் நிலையைப் பின்பற்றிப் போயா நாள்களே வார விடுமுறையாக இருந்தன. வாரத்தின் நீளமே சில வேளைகளில் மாறியது. வணிகத்துக்குத் தொல்லையாகிப் போனதால் ஞாயிறு திரும்ப வந்தது, போயா நாள் மதுத் தடை மட்டும் நிலைத்தது.

தமிழ்நாட்டில் ஞாயிறு தடை இல்லை. காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மிலாடி நபி போன்ற குறிப்பிட்ட நாள்களிலேயே கடைகள் மூடப்படுகின்றன. கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி மதுவற்ற நாள். சம்பளம் கைக்கு வரும் நாள் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அங்கே 2014இல் உம்மன் சாண்டி அரசு எல்லா ஞாயிறுகளையும் மதுவற்ற நாள்களாக்கியது. கத்தோலிக்கத் திருச்சபையின் மதுவிலக்குக் குரல் அந்தக் கொள்கையின் பின்னணியில் இருந்தது. சுற்றுலாத் துறையின் முறையீடுகளுக்குப் பிறகு அதே ஆண்டு டிசம்பரில் ஞாயிறு தடை கைவிடப்பட்டது.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் வார இறுதித் தடை இருப்பதற்கும் மதம்தான் காரணமா?

இல்லை. அது ஞாயிறு என்பது யாருடைய நாள் என்ற கேள்வியை நேரடியாகத் தொடும் சட்டம். தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சென்ற கட்டுமானத் தொழிலாளர்கள் வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுப்பில், ஊருக்குப் பணம் அனுப்பவும், நண்பர்களைச் சந்திக்கவும், நம் சமையலைச் சாப்பிடவும் அங்கே கூடுகிறார்கள். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு தமிழ்த் தொழிலாளி தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து சுமார் 300 பேர் கலவரத்தில் இறங்கினர்; காவல் வாகனங்களும் ஆம்புலன்சும் தாக்கப்பட்டன. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, மதுவும் காரணங்களுள் ஒன்று என்று கண்டது.

2015 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நாடு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிப்பதைத் தடுக்கிறது. லிட்டில் இந்தியாவும் கேலாங் என்ற இன்னொரு பகுதியும் அதில் தனி மண்டலங்கள்: அங்கே சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிப்பதே குற்றம், எடுத்துச் செல்லும் விற்பனைக்கும் வார இறுதியில் கூடுதல் நேரக் கட்டுப்பாடு உண்டு. அக்கம்பக்கத்தில் குடியிருப்போர் குப்பை, வாந்தி, கூச்சல் பற்றி முன்பிருந்தே புகார் செய்துவந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் உணவகத்துக்குள் அமர்ந்து குடிப்பதற்குத் தடை இல்லை. அந்த விலையைக் கொடுக்க முடியாமல் புல்வெளியில் அமர்ந்து ஒரு கேன் பீர் குடித்தவருக்குத்தான் தடை. மன்றத்தில் மது ஓடவிட்டு மதுக்கூடத்தைப் பூட்டிய 1895இன் நியூயார்க்கோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இச்சட்டங்கள் காலப்போக்கில் மறைந்துவிடுமா?

அமெரிக்காவில் 2000க்குப் பிறகு நியூயார்க், கொலராடோ, கனெக்டிகட், மினசோட்டா, இந்தியானா எனப் பல மாநிலங்கள் தடையை நீக்கிவிட்டன. திரும்பக் கொண்டுவரும் முயற்சி எதுவும் பெரிதாக இல்லை. எஞ்சியிருக்கும் இடங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலர் இருக்கிறார். யூட்டா மாநிலத்தில் மதுவை விலக்கும் மார்மன் திருச்சபையின் செல்வாக்கும் அரசே நடத்தும் கடைகளும். டெக்சஸில் மதுக்கடை உரிமையாளர்கள்: அங்கே 1985இல் ஞாயிறு வணிகத் தடைகள் பெரும்பாலும் நீக்கப்பட்டபோதும் மதுவும் கார் விற்பனையும் மட்டும் தப்பின, கார் விற்பவர்கள் வார இறுதியில் ஒரு நாள் மூடியே ஆக வேண்டும் என்ற விதியை அந்த முகவர்களே இன்றும் விரும்புகிறார்கள். ஸ்வீடனிலும் நார்வேயிலும் அரசு ஏகபோகத்துக்கு மக்கள் ஆதரவு வலுவாக இருப்பதால் ஞாயிறு அடைப்பு விரைவில் போவதற்கான அறிகுறி இல்லை. அங்கே செல்பவர்கள் சனிக்கிழமை பிற்பகலுக்குள் வாங்கிவிட வேண்டும். டெக்சஸ் செல்பவர்கள் விஸ்கி வேண்டுமென்றால் சனிக்கிழமை இரவு 9 மணிக்குள் கடைக்குப் போக வேண்டும், கிறிஸ்துமஸோ புத்தாண்டோ ஞாயிறன்று வந்தால் மறுநாள் திங்களும் கடை திறக்காது.